கண் கேட்டவருக்கு ஊன்றுகோல்

கேள்வி:

“எனக்கு 47 வயது. காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் தேங்காய்க் களத்தில் இருபது வருடமாக வேலை பார்த்தவர். எட்டு மாதத்துக்கு முன் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. கோயம்புத்தூரில் கீமோ கொடுத்தோம். போன மாதம் டாக்டர், ‘இனிமேல் மருந்து ஏற்றினால் உடம்புதான் கெடும். வீட்டுக்குக் கூட்டிப் போய் வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டார். கொழுந்தனார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இருக்கிற ஒன்றரை ஏக்கரை விற்றாவது சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இவர் எதுவும் பேசுவதே இல்லை. ‘களத்தை ஒரு தடவ பாத்துட்டு வரணும்’ என்று மட்டும் இரண்டு மூன்று தரம் சொன்னார். இருக்கிற நிலைமையில் களத்துக்கு எங்கே போவது?

எங்கள் ஊர்க் கோயிலில் பூப்போட்டுக் கேட்டேன். முதல் தடவை சிவப்பு வந்தது. மறுவாரம் கேட்டேன், வெள்ளை வந்தது. எதை எடுத்துக்கொள்வது? மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால், ‘நீ செஞ்ச பாவம்தான் அவரப் படுத்துது’ என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ‘கண்ணை மூடி உள்ளே கேள், ஆண்டவன் வழி சொல்வான்’ என்கிறார்கள். சின்ன வயதிலிருந்து முருகனைக் கும்பிட்டவள் நான். உட்கார்ந்து பார்க்கிறேன், எதுவுமே கேட்கவில்லை. அந்தப் பாவக் குரல் ஒன்றுதான் கேட்கிறது. அதுதான் ஆண்டவன் குரலா?”

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம். அது ஆண்டவன் குரல் இல்லை.

தீராத நோயில் படுத்திருப்பவர்களின் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசுவதுதான் இருபத்து மூன்று வருடமாக என் வேலை. அந்தக் குரலை எத்தனையோ பேர் வாயால் கேட்டுவிட்டேன். குழந்தைக்கு இதயத்தில் கோளாறு என்றால், கிரகணத்தன்று வாசலுக்கு வந்துவிட்டேனே என்று தாய் அழுவாள். மனைவிக்குச் சிறுநீரகம் செயலிழந்தால், அப்பாவுக்குத் திதி கொடுக்காமல் விட்டேனே என்று கணவன் தலையில் அடித்துக்கொள்வான். பாவம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். குரல் அதேதான். எல்லோரையும் அது ஒரே நேரத்தில்தான் பிடிக்கிறது: ஊர் அடங்கிய பிறகு, உடம்பு ஓய்ந்த பிறகு, பக்கத்தில் பேச ஆள் இல்லாதபோது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி மறைந்து கிடக்கிற உறுப்பு. அங்கே வருகிற கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாது. வெறும் அஜீரணம் மாதிரி, வாயு மாதிரி, முதுகுவலி மாதிரி வந்து போகும். கண்டுபிடிக்கும்போது பலருக்கும் நோய் முற்றியிருப்பது இதனால்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ‘முன்னாடியே கவனிச்சிருந்தா’ என்ற எண்ணமும் அந்தப் பாவக் குரலோடு சேர்ந்து உங்களை வதைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும். நீங்கள் கவனிக்காமல் விட்டதால் வந்தது இல்லை இது. பாவத்தால் வந்ததும் இல்லை.

அந்தக் குரலை ஒரு விஷயத்தில் சோதித்துப் பாருங்கள். அது உங்களை ஏதாவது செய்யச் சொல்கிறதா? அவருக்கு வாய் உலர்ந்திருக்கிறது, ஒரு வாய் தண்ணீர் கொடு என்கிறதா? மகளுக்கு ஒரு போன் போடு என்கிறதா? ஒன்றும் சொல்லாது. போட்ட இடத்திலேயே உங்களைப் போட்டு மிதிக்கும், அவ்வளவுதான். உங்களைக் கைகால் அசைய விடாமல் செய்கிற ஒன்றை வழிகாட்டி என்று எப்படிச் சொல்வது? உள்ளிருந்து வரும் வழிகாட்டல் கண்டிக்கவும் செய்யும், அது உண்மை. ஆனால் அது கண்டிக்கும்போது, செய்ய வேண்டிய ஒரு காரியத்தையும் கூடவே கையில் கொடுக்கும்.

முதலில் தூக்கம். மூன்று வாரம் தூங்காத மனசில் பயம் உண்மையைப் போலவே பேசும். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது அவர் பக்கத்தில் வேறு ஒருவர் படுக்கட்டும். கொழுந்தனார் படுக்கலாம். அண்ணனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிறவர்தானே, நிலத்தை விற்பதைவிட இது உடனே செய்யக்கூடியது. அந்தக் குரல் வெளியே யாரோ நின்று பேசுவதுபோலவே காதில் கேட்டால், அல்லது ‘நீயும் போய்விடு’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால், அதை யாரிடமும் மறைக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். சாமி கும்பிடுகிறவர்கள் அங்கே போகக்கூடாது என்று எந்தச் சாமியும் சொன்னதில்லை.

சரி, பூவுக்கு வருவோம். பூப்போட்டுக் கேட்டதற்காக வெட்கப்பட வேண்டாம். கை ஓய்ந்த இடத்தில் நம் பாட்டிமார்கள் செய்ததைத்தான் நீங்களும் செய்தீர்கள். ஆனால் சிவப்பு வந்ததும் ஏன் மறுவாரம் மறுபடி கேட்டீர்கள்? அந்த இடத்தை யோசித்துப் பாருங்கள். முதல் பூ வந்தபோதே உங்கள் மனசு எதையோ சொல்லியிருக்கிறது. ‘இது வேண்டாம், மாற்றிக் கொடு’ என்று சொன்னதா, ‘அப்பாடா’ என்று மூச்சு விட்டுவிட்டு அப்புறம் அதற்காகவே பயந்ததா? எது என்பது உங்களுக்குத்தான் தெரியும். பூ என்ன சொன்னது என்பதைவிட, அந்த நொடியில் உங்களுக்குள் நடந்தது முக்கியம்.

சிவன்மலை முருகன் கோயில் உங்களுக்குப் பக்கம்தான். ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே ஒரு முறை உண்டு. பக்தர் ஒருவர் கனவில் இன்ன பொருள் வந்தது என்று சொன்னால், கேட்ட மாத்திரத்தில் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிடுவதில்லை. சாமி முன்னால் பூப்போட்டுப் பார்க்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் வைக்கிறார்கள். முருகனே கனவில் வந்து சொன்னான் என்றாலும், ஒருவர் தனக்குள் கேட்டதைப் பலர் முன்னால் கொண்டுவந்து வைத்துச் சரிபார்த்த பிறகே ஏற்கிறார்கள். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும். உள்ளே கேட்கிற எல்லாவற்றையும் நம்பிவிடாதே, வெளியே கொண்டுவா, இன்னொருவர் பார்க்கட்டும் என்கிற பக்குவம் நம் பழக்கத்திலேயே இருக்கிறது. நீங்களோ மூன்று மணிக் குரலை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத எனக்குத்தான் முதலில் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் கீமோ தொடர்வதா வேண்டாமா என்பதைப் பூவிடம் விடாதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

எதுவுமே கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, எனக்குச் சுந்தரர் கதை ஞாபகம் வந்தது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது ‘உன்னைப் பிரியேன்’ என்று சத்தியம் செய்துவிட்டு, பிறகு திருவாரூர் நினைப்பில் ஊர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போய்விடுகிறது. தடுமாறிக்கொண்டே திருவெண்பாக்கம் வந்து சேர்கிறார். ஆண்டவனைத் தோழன் என்று உரிமையோடு பேசிப் பழகியவர் அவர். நீ கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். வந்த பதில் இரண்டே சொல்: உளோம், போகீர். ‘இருக்கிறோம், நீர் போம்.’ கண் கிடைக்கவில்லை. கையில் ஒரு ஊன்றுகோல் கிடைத்தது.

என் அப்பா இறந்த வருடம் அந்தக் கோயிலுக்குப் போனேன். திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டியில் இருக்கிறது. 1940-களில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய கோயில் தண்ணீருக்குள் போய்விட்டது, இப்போது இருப்பது இடம் மாற்றிக் கட்டியது. சாமிக்கு ஊன்றீஸ்வரர் என்றே பெயர். கண் கேட்டால் கோலைக் கொடுக்கிறாயா என்று கோபத்தில் சுந்தரர் அதை வீசி எறிந்தார், அது பட்டு நந்தியின் கொம்பு உடைந்தது என்று அங்கே சொல்வார்கள். உடைந்த கொம்போடுதான் அந்த நந்தி இன்றும் உட்கார்ந்திருக்கிறது. அதை ஒட்டவைத்துச் சரிசெய்ய யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆண்டவன் மேல் கோபம் வந்தால் எறியுங்கள், அம்மா. அந்த வீட்டில் அதற்கு இடம் இருக்கிறது.

அங்கே அம்பாளுக்கு மின்னொளி அம்பாள் என்று பெயர். கண் தெரியாமல் நடக்கிறவருக்கு மின்னல்போல வெளிச்சம் காட்டினாளாம். மழை ராத்திரியில் மின்னல் வெளிச்சத்தில் நடந்திருப்பீர்கள். ஊர் போய்ச் சேரும் பாதை முழுவதும் அதில் தெரியாது. எதிரே இருக்கிற நாலைந்து அடி தெரியும். அது போவதற்குள் அந்த நாலைந்து அடியை வைத்துவிட வேண்டும், பிறகு அடுத்த மின்னலுக்குக் காத்திருக்க வேண்டும். சுந்தரரும் அப்படித்தான் போனார். காஞ்சியில் இடக்கண் வந்தது. வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. கோல் கையில் இருந்ததால்தான் காஞ்சி வரைக்கும் போய்ச் சேர முடிந்தது.

நீங்கள் கேட்பது கண். அவர் பிழைப்பாரா, எத்தனை நாள், சென்னைக்குப் போனால் என்ன ஆகும், நான் செய்தது சரியா, மகள் எதிர்காலம் என்ன என்று மொத்தப் பாதையையும் கேட்கிறீர்கள். அதற்குப் பதில் வராததால் ஆண்டவன் பேசவில்லை என்று நினைக்கிறீர்கள். கோல் வந்திருக்கலாம், கண் இல்லையே என்ற தவிப்பில் கை அதைத் தடவிப் பார்க்காமல் இருக்கலாம்.

வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘களத்தை ஒரு தடவ பாத்துட்டு வரணும்.’

அந்த வரியை நீங்கள் எழுதிவிட்டு, ‘எங்கே போவது?’ என்று அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். எதுவும் பேசாத மனிதர் இரண்டு மூன்று தரம் ஒன்றைக் கேட்டிருக்கிறார். வழி சொல் என்று நீங்கள் இருட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்திருக்கிறது.

குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நானும் இதே தவறைச் செய்தவள். அப்பா 41 நாள் படுத்திருந்தார். அப்போது நான் தினமும் விடியற்காலை உட்கார்ந்து, ‘என்ன செய்யட்டும், சொல்’ என்று ஆண்டவனை மன்றாடிக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு மாலை, ‘என்னைத் திண்ணையில் கொஞ்ச நேரம் படுக்க வை’ என்றார். வெளியே சாரல். நாளைக்கு என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை, எனக்கும் நினைவு வரவில்லை. திண்ணையில் அவரைப் படுக்க வைத்தபோது அவருக்கு உயிர் இல்லை. பதினாறாம் நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அத்தனை நாளும் நான் காத்திருந்த பதில் திண்ணைதான். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

நம் கதைகளில் இது புதிதும் அல்ல. திருநாவுக்கரசருக்குச் சூலை நோய் வந்து வயிற்றைப் பிசைந்தபோது அவருக்கு முதலில் தோன்றியது அக்காவின் நினைவு. சமையற்காரரைத் திலகவதியாரிடம் அனுப்புகிறார். நீ இருக்கிற சமண மடத்துக்கு நான் வர மாட்டேன் என்று அக்கா சொல்லி அனுப்பியதும், வலியோடு ராத்திரியோடு ராத்திரியாக நடந்து திருவதிகைக்குப் போய் அக்காவின் காலில் விழுகிறார். திருநீறு அக்கா கையிலிருந்துதான் வந்தது. பாட்டு அதற்குப் பிறகு.

ஆகவே உள்ளே உட்கார்ந்து கேட்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. கேட்கிற கேள்வியைச் சிறியதாக்குங்கள். சாயந்திரம் விளக்கேற்றும் நேரம் போதும், பத்து நிமிடம். விடியற்காலை மூன்று மணி வேண்டவே வேண்டாம். ‘என்ன ஆகும்’ என்று கேட்காமல், ‘இன்னைக்கு ராத்திரிக்குள்ள அவருக்கு நான் என்ன செய்யணும்’ என்று கேளுங்கள். ஏதாவது தோன்றும். கால் பிடித்துவிடத் தோன்றலாம். அந்தத் தலையணை உறையை மாற்றத் தோன்றலாம். தோன்றியதைச் செய்யுங்கள். ஒன்றுமே தோன்றாத நாளில் முருகா என்று சொல்லிவிட்டு எழுந்து வேலையைப் பாருங்கள். அதுவும் கும்பிட்டதுதான்.

என்னோடு முன்பு வேலை பார்த்த கன்னியாஸ்திரி ஒருவர் இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொல்வார். இயேசு சபையை ஆரம்பித்தவர், சென்னை லயோலா கல்லூரிக்கு அவருடைய ஊர்ப் பெயர்தான். 1521-இல் ஒரு போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். படுத்தபடியே இரண்டு விதமான யோசனைகள் அவருக்கு வந்துகொண்டிருந்தன. இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. ஒன்று போன பிறகு மனசு வறண்டு கிடந்தது, இன்னொன்று போன பிறகும் நிறைவு மிஞ்சியது. அதை வைத்தே எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறியக் கற்றுக்கொண்டார். மனசு இருண்டிருக்கும்போது, வெளிச்சத்தில் எடுத்த முடிவை மாற்றாதே என்பதும் அவர் சொன்னதுதான். உங்களுக்கு இரண்டும் உதவும். எந்த எண்ணம் வந்தாலும், அது போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். நிலத்தை விற்பது, சென்னைக்குக் கிளம்புவது போன்ற எதையும் ராத்திரியில் முடிவு செய்யாதீர்கள்.

இப்போது கொழுந்தனார். அவரோடு சண்டை வேண்டாம். அவர் பேசுவது பாசமும் பயமும் கலந்த பேச்சு. இன்னொரு மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை, ஆனால் அதற்கு நோயாளியை அலைக்கழிக்கத் தேவையில்லை. ஸ்கேன், பயாப்ஸி அறிக்கை, இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கையில் கொடுத்துக் கொழுந்தனாரையே சென்னைக்கு அனுப்புங்கள். மகளும் கூடப் போகட்டும். மருத்துவரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்: இந்தச் சிகிச்சையால் எவ்வளவு காலம் கூடும்? அந்தக் காலத்தில் எத்தனை நாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் போகும்? அவர் உடம்பு அதைத் தாங்குமா? பதிலை அவர் தன் காதாலேயே கேட்டுவிட்டு வந்தால் உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். அதற்கு முன்னால், நீங்கள் எல்லோருமாகக் கேட்க மறந்த ஆளிடம் கேளுங்கள். ‘உங்களுக்கு என்னங்க வேணும்?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் உட்காருங்கள். நேரமாகும். அவர் அழுதால் அழவிடுங்கள்.

வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொன்னதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வலியைக் குறைப்பது தனிச் சிகிச்சை, பாலியேட்டிவ் கேர் என்று கேளுங்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தால், போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று யாராவது பயமுறுத்துவார்கள். கேட்காதீர்கள். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். வலி அடங்கினால் அவர் பேசக்கூடும். இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் வலியாகவே இருந்திருக்கலாம்.

மகளிடம் எதையும் மறைக்காதீர்கள். அவளுக்குத் தெரியும்.

களத்துக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே போங்கள். கூட்டிப் போகலாமா என்று டாக்டரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பினால் நல்லது. கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே வலி மாத்திரையைக் கொடுக்கலாமா என்றும் அப்போதே கேளுங்கள். காரின் பின்சீட்டில் இரண்டு தலையணை வையுங்கள், ஒன்று முதுகுக்கு, ஒன்று வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள. வெந்நீர் பிளாஸ்க், ஒரு துண்டு, வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பை. கூட வேலை பார்த்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள், வந்து நிற்பார்கள். அவர் இறங்க முடியாவிட்டால் காரைக் களத்துக்கு உள்ளேயே கொண்டுபோய் நிறுத்தி, கதவைத் திறந்துவிடுங்கள். காய்ந்த தேங்காய்ப் பருப்பின் வாசனை அவருக்கு வரட்டும்.